அயலுக்குச் சொல்லத் தயங்கிய செய்தி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால் உப்புவெளி, அலஸ்தோட்டம் தாண்டிச் சாம்பல்தீவு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கரையோரம் சல்லியில் முத்துமாரி அம்மன் இருக்கிறாள். அவளுக்குப் பொங்கல் வரும் நாட்களில் சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கேதான். மாவட்டமோ எந்தச் சமயத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம். முஸ்லிம்களும் இந்துக்களும் பௌத்தர்களும் பெரிய அளவில் வாழும் இடத்தில் கிறிஸ்தவர்கள் ஒரு சிறு தொகை. சாம்பல்தீவுப் பக்கம் அவர்களுக்கென்று தனித் தெரு கிடையாது. ஒரு வீடு சைவம், அடுத்த வீடு வேதம், வேலிக் கதியால் இரண்டுக்கும் பொது.

இந்த வேதக்கார வீட்டில் ஒருவரைப் பிடித்து, “நீங்கள் எதுக்கு ஞாயிற்றுக்கிழமையில ஆராதனைக்குப் போறீங்கள் எண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்பவாவது சொன்னனீங்களோ?” என்று கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். “அது அவைக்குத் தெரியும்தானே” என்பார். அவர் போகிறார் என்பது அயலுக்குத் தெரியும். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார், எத்தனை மணி பஸ்ஸில் போகிறார் என்பதுகூடத் தெரியும். எதற்காகப் போகிறார் என்பது தெரியாது. நாற்பது வருட அயலிலும் அந்தப் பேச்சு எழுந்திராது.

ஒரு காலத்தில் இது இப்படி இருக்கவில்லை. பேசியவர்கள் பேசினார்கள், அதுவும் உரத்து.

1814ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் திகதி வெஸ்லியன் மிஷனின் முதல் ஊழியர்கள் காலியில் வந்திறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். கூட வந்தவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரும் இறந்தார். ஒரு வருடம்கூட முழுதாகப் பணிசெய்யக் கிடைக்காத அந்த மனிதருக்கு மட்டக்களப்பில் இன்றும் சிலை நிற்கிறது. 1820களில் திருகோணமலையிலும் மெதடிஸ்த ஊழியமும் பள்ளிக்கூடமும் வேரூன்றின. பின்னால் கத்தோலிக்கப் பக்கத்திலும் வேலை பெருகி, 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று.

அந்தக் காலத்து முறை தமிழர் வாழ்ந்த இடமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தை கூடும் இடத்தில் மர நிழலில் உபதேசியார் நிற்பார். ஒரு கீர்த்தனை. ஆட்கள் சேர்ந்ததும் பிரசங்கம். முடிவில் கைப்பிரதி. இரவென்றால் வெள்ளைத் துணி கட்டி மாய விளக்கில் படம் காட்டுவது. வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் வேதாகமப் பெண்கள் போனார்கள். எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்து, இடையில் வேதத்தையும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் மறைபாடம். சொல்லலாமா, வேண்டாமா என்ற கேள்வியே சொன்னவர்களுக்கு வந்திருக்காது. தயக்கம் முழுக்கக் கேட்டவர்கள் பக்கத்தில் இருந்தது.

அந்தத் துணிச்சலில் பாதியை நான் மதிக்கிறேன். காய்ச்சலில் செத்துவிடுவோம் என்று தெரிந்தும் வந்தவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. மறுபாதி அவர்களுடைய சொந்தத் துணிச்சல் அல்ல. ஆட்சி அவர்களுடைய மொழியில் நடந்தது, பள்ளிக்கூடம் அவர்களுடைய கையில் இருந்தது, அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் உத்தியோகம் இருந்தது. முதுகுக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கும்போது சந்தையில் நின்று பேசப் பெரிய தைரியம் தேவைப்படாது.

கேட்டவர்களுக்கோ அதைவிடப் பழைய ஞாபகம் ஒன்று இருந்தது. சாம்பல்தீவிலிருந்து நகருக்குப் போகிற எவருக்கும் அந்த ஞாபகம் கண்ணில் படும். கோணமலை. 1622இல் சித்திரைப் புத்தாண்டன்று போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுந்தது. 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள்; அவர்கள் ஆண்ட பகுதிகளில் ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. ஆகவே பலர் பதிவேட்டுக்காக ஒரு பெயர் வாங்கி, வீட்டில் பழைய பெயரோடு இருந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்து, அடுத்த ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, அந்தக் கட்டாயமும் தளர்ந்ததும் இந்தப் பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது நிலத்துக்குள்ளிருந்து கோணேசரின் பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. நானூறு வருடக் கதையென்று இதை யாரும் ஒதுக்கிவிட முடியாது. கோயிலும் கோட்டையும் ஒரே பாறையில் இன்றும் நிற்கின்றன. அந்தப் பாறையின் கீழ் நின்று இயேசுவைப் பற்றிப் பேசப் போகிற கிறிஸ்தவனுக்குத் தொண்டை கொஞ்சம் அடைப்பது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

சத்தத்துக்குச் சத்தம் என்று பதில் வந்ததும் இந்த நாட்டில்தான். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கேயே படிப்பித்தவர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழில் பெயர்க்கும் வேலையில் வருடக்கணக்கில் உழைத்தவர். பிறகு 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், அச்சுக்கூடம், பாடப்புத்தகம், பள்ளிக்கூடம் என்று மிஷன் பிடித்திருந்த ஆயுதம் ஒவ்வொன்றும் அவர் கைக்கு மாறிற்று. திருகோணமலையில் இந்துக் கல்லூரி எழுந்ததும் அதே நூற்றாண்டின் முடிவில்தான்.

இந்தக் கதையில் பேர்சிவலை யாரும் நின்று கவனிப்பதில்லை. வேதாகமத்தை வரிவரியாகக் கையில் எடுத்த ஒருவர் கடைசிவரை திருநீற்றோடு இருந்தார். “நீ மாறாவிட்டால் இங்கே வேலையில்லை” என்று பேர்சிவல் அவரைத் துரத்தவில்லை. தன் நம்பிக்கையை இவ்வளவு முழுமையாக ஒருவர் முன் திறந்து வைத்துவிட்டு, அவர் வேண்டாமென்றபோதும் அவரிடம் தமிழ் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். சந்தைப் பிரசங்கிகளுடைய கணக்கில் இது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சத்தம் அடங்கியது எப்போது? மிஷன்காரர்களே அடக்கிக்கொள்ளவில்லை. 1960இலும் 61இலும் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. நூற்றைம்பது வருடமாகக் கிறிஸ்தவத்தைச் சொன்ன வாய் பள்ளிக்கூடம்தான். அது சட்டத்தோடு போயிற்று. அதுவரை விசுவாசத்தைச் சொல்வது வாத்தியாருடைய வேலை, போதகருடைய வேலை, கன்னியர் மடத்துச் சகோதரியின் வேலை. சாதாரணக் குடும்பத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை. பிள்ளைக்கு மறைபாடம் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, அயலுக்குக் கிறிஸ்துவைப் பற்றிப் பள்ளிக்கூடமே சொன்னது. இன்று சபையார் காட்டும் தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று மேடையில் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பேசிப் பழகாத வாய் அது.

பிறகு சண்டை. 1985இலும் 1990இலும் திருகோணமலைத் தமிழ்க் கிராமங்கள் பல வெறுமையாயின. அகதி முகாமில் ஒரே தறப்பாளுக்குள் இரண்டு குடும்பம் கிடந்தபோது யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாக ஓடினார்கள். அந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. இவ்வளவு பட்ட பிறகு இதைப்போய்ச் சொல்லி உறவைக் கெடுப்பானேன் என்ற எண்ணம் அங்கேதான் ஊறிற்று.

2004 வந்தது. ஏப்ரல் தேர்தலில் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய ஒன்பது ஆசனத்தோடு பாராளுமன்றத்துக்குள் வந்து, கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் ஓகஸ்டில் சொன்னது. சட்டமூலம் இன்றுவரை சட்டமாகவில்லை. அதற்கு முந்திய வருடம் அதே நீதிமன்றம் கன்னியர் சபையொன்றின் வழக்கில் இன்னொன்றையும் சொல்லியிருந்தது: சமயத்தைப் பரப்புவது இந்நாட்டு அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் பரப்புதல் என்பது எழுத்திலேயே உண்டு. இலங்கையின் 14ஆம் உறுப்புரையில் வழிபாடு, அனுசரிப்பு, சாதனை, போதனை என்பவை உண்டு, பரப்புதல் இல்லை. ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் அந்தத் தீர்மானத்தைப் பிழை என்று கண்டது. சாம்பல்தீவில் யார் இந்த உறுப்புரைகளைப் படித்தார்கள்? ஒருவரும் இல்லை. ஆனால் “சட்டம் வருதாம்” என்ற சொல் மட்டும் களப்புக்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த 2004இன் டிசம்பர் 26. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு, போயா. கடல் வந்தது. உப்புவெளி, சல்லி, நிலாவெளிக் கரை எல்லாம் அடிபட்டது. பின்னால் உதவி வந்தது, மலைபோல. அரிசி, கூடாரம், வள்ளம், வலை. கொண்டுவந்தவர்களில் சபைகளும் இருந்தன. அத்தனை சபையும் ஒரே மாதிரி இருக்கவில்லை. பெரும்பாலானவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் அரிசிப் பைக்குள் கைப்பிரதியும் வைத்தார்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஒப்புக்கொண்ட நடத்தைக் கோவையில் உதவியைச் சமயத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அந்தக் கோவையைப் படித்திராத கிராமத்து மனிசிகூட அந்தப் பையைத் திறந்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் கையில் ‘நீ எங்கே போவாய்?’ என்று கேட்கும் தாளைத் திணிப்பதைவிடக் கீழான ஊழியம் இருக்க முடியாது. அதைச் செய்தவர்கள் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்கள். பெயர் கெட்டது அங்கேயே இருந்த கிறிஸ்தவர்களுக்கு. “உங்கட ஆக்கள் அரிசிக்கு ஆள் பிடிக்கினம்” என்ற சொல்லுக்கு அவர்களிடம் மறுமொழி இல்லாமற் போயிற்று.

2016இல் வடக்கில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கி மதமாற்ற எதிர்ப்பைப் பேசியது. 2008ஆம் ஆண்டு அரசாங்கச் சுற்றறிக்கையொன்றைக் காட்டி, வீட்டில் கூடும் சிறு சபைகளிடம் பதிவு எங்கே என்று கேட்பதும் இடையிடையே நடக்கும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. சீயோனில் செத்தவர்களில் பலர் ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஆலய வாசலில் துவக்கோடு ஆள் நின்றார். பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு, “ஏன் தயங்குகிறீர்கள்?” என்று கேட்பது நியாயமா? ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தத் தயக்கத்துக்குள் இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, அயலவர் மேலுள்ள மரியாதை. மற்றது, வெறும் பயம். மரியாதையைக் கைவிடச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பயம் செய்கிற வேலைகளோ கொஞ்சம் அசிங்கமானவை.

வெள்ளி இரவு ஜெபக் கூட்டத்துக்குப் போகிற பெடியன் கூட வேலை செய்கிறவர்களிடம் “ஒரு கலியாண வீடு” என்று சொல்லிவிட்டுப் போவான். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் வசனக் கலண்டர் சுவரிலிருந்து இறங்கி அலுமாரிக்குள் போகும். கடையில் சாப்பிட முன் கண்ணை மூடுகிறவர் நெற்றியைச் சொறிவதுபோல ஒரு பாவனை செய்வார். நகரத்துச் சபையில் கை தட்டிப் பாடுகிற அதே ஆள் சாம்பல்தீவு பஸ் நிறுத்தத்தில் வேதாகமத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு நிற்பார். ஒருவரை மாற்றப் போவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. தான் யாரென்று இருப்பதற்கே வெட்கம். தயக்கத்தை விடுவது இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அயலவருக்கு ஒரு சொல்லும் சொல்ல முன்னம், இந்தச் சின்னப் பொய்களை நிறுத்தலாம். கூட்டத்துக்குப் போகிறவன் கூட்டத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் கல்லெறிய மாட்டார்கள். “ஓ, அப்பிடியே” என்பார்கள். அவ்வளவுதான்.

தொலைக்காட்சியும் யூடியூப்பும் இதில் உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டு மேடைகளிலிருந்து வருகிற அலறல் இங்கே வாட்ஸ்அப்பில் உருள்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து எழும்புகிறார்கள், ஒலிவாங்கி நடுங்குகிறது, பின்னால் கீபோர்ட். அதைப் பார்த்துவிட்டு, சாட்சி சொல்வதென்றால் இப்படித்தானோ என்று நினைக்கிற அமைதியான மனிதருக்கு வாய் இன்னும் இறுகிப்போகிறது.

வேறு மாதிரியும் உண்டென்று சொன்னவர் நம்முடைய ஆள்தான். டி. ரி. நைல்ஸ், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர். உலகத் திருச்சபைகள் மன்றம் 1948இல் அம்ஸ்ரடாமில் முதன்முதலாகக் கூடியபோது பிரசங்கித்தவர். 1968இல் உப்சலாவில் மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கிக்க இருந்தார். அவர் கொலையுண்டதால் அந்த இடத்தில் நின்றவரும் நைல்ஸ்தான். சுவிசேஷம் சொல்வதை, சோறு கிடைக்கிற இடத்தை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதாக அவர் விளக்கியது உலகம் முழுக்கப் பரவிற்று. 1951இல் வந்த நூலில் அது இருக்கிறது. சோறு தன்னுடையதல்ல, சொல்கிறவனும் பசித்தவன்தான். கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு இப்படி ஒரு விளக்கம் எளிதில் வந்திராது. ஆட்சியும் பள்ளிக்கூடமும் கைவிட்டுப்போன ஒரு சபைக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? இந்தப் பகுதியில் எங்கும் காணக்கூடிய ஒரு விறாந்தையை எடுத்துக்கொள்ளலாம். வேதக்கார வீட்டு அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது, புருஷன் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை. கொழும்பு லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவு பஸ். தாய் வேலிக்கரையில் வந்து நிற்கிறாள்.

“அக்கா, எங்கட பிள்ளைக்கும் ஒருக்கா ஜெபம் பண்ணிவிடுங்கோவன்.”

“அவரிட்டக் கேட்டனீங்களோ?”

“கேட்டனான். சல்லி அம்மனுக்கும் நேந்து வச்சிருக்கிறார். இதுவும் நடக்கட்டாம்.”

அக்காவுக்கு உள்ளுக்குள் ஆயிரம் ஓடும். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? அம்மனுக்கு நேர்ந்தது இருக்க நான் ஜெபிக்கலாமா? யாராவது பார்த்து, ஆள் பிடிக்கிறாள் என்று சொன்னால்? இருந்தும் வாசற் கதவைத் திறந்தபடி வைத்து, பிள்ளையின் தலையில் கைவைத்து மூன்று நான்கு வசனத்தில் ஜெபித்து முடிக்கிறாள். பிள்ளை கட்டாயம் சுகமாகும் என்று அவள் வாக்குக் கொடுப்பதில்லை. நேர்த்தியை விடு என்று கேட்பதில்லை. பஸ்ஸுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பார்சலில் கைப்பிரதி எதுவும் இல்லை.

பேச்சு அன்றைக்கு வராது. மாதம் சில கழிந்து, ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது வரும். “அவர் செத்தாப்பிறகு நீங்கள் தனிய எப்பிடியக்கா இருந்தனீங்கள்? பயமில்லையோ?” அக்கா சொல்லத் தொடங்குவாள். நித்திரையில்லாத இரவுகளைப் பற்றி, கடவுளோடு கோபித்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகாமல் இருந்த மாதங்களைப் பற்றி, தாய் மனப்பாடமாக்கிவிட்ட ஒரு சங்கீதம் ஏதோ ஒரு விடியற்காலையில் தானாக வாய்க்கு வந்ததைப் பற்றி. எந்தச் சாமி பெரிது என்ற கேள்வி அந்தப் பேச்சில் தலைகாட்டாது. தன் வீட்டில் நடந்ததைத் தன் சொல்லில் சொல்கிறாள். அதை யார் மறுக்க முடியும்? கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் மறுமொழி சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியதும் இப்படியொரு சிறுபான்மைக்குத்தான், உரோம ராச்சியத்தில் அயலவர் சந்தேகத்தோடு பார்த்த ஆட்களுக்கு.

கேட்கட்டும் என்று காத்திருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நேரம் போய்விடும் என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. 1924இல் கொழும்பில் இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கிய போதகர் போல், கேரளத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் ஏழைப் பையனாக இருந்தவர். அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஆட்சியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வெள்ளை உடுப்போடு வீடுவீடாக நடந்த அவருடைய ஊழியர்களின் தைரியம் பழைய மிஷன் தைரியத்தைவிடச் சுத்தமானது என்பேன். ஆனால் கேள்வி தானாக முளைப்பதில்லை, அது வருகிறமாதிரி வாழ வேண்டும் என்பதையும் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பத்து வருடமாக வேலித் தகராறில் கோட்டுக்கு ஏறி இறங்குகிற கிறிஸ்தவனிடம் அவனுடைய சமாதானத்தின் இரகசியத்தை எந்த அயலவன் கேட்பான்?

கடைசியாக ஒரு சிக்கல், சாம்பல்தீவுக்கே உரியது. சல்லி அம்மன் பொங்கல் முடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து வாழையிலையால் மூடிய கிண்ணம் வரும். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெரும்பாலும் வாங்கிச் சாப்பிடுவார்கள். சுயாதீன சபைக்காரர் பலர் படைத்ததைத் தொட மாட்டார்கள். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டார்கள். சிரித்து வாங்கி, பின்வளவில் கோழிக்குக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இது தெரியாதென்று அவர்கள் நினைப்பதுதான் வேடிக்கை. கிறிஸ்மஸுக்குத் தங்கள் கேக் அந்த வீட்டில் உண்ணப்பட வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். இவர்களிடம் என் யோசனை ஒன்றுதான்: சாப்பிட மனச்சாட்சி இடம் தராவிட்டால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன வீடுகளில் என்ன நடக்கிறதென்றால், முதலில் முகம் கொஞ்சம் சுருங்கும். “முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை” என்ற பேச்சு வரும். அடுத்த முறை படைக்க முன் எடுத்துவைத்த வாழைப்பழச் சீப்பொன்று தனியாக வரும். கொடுத்துவிட்டுப் போகாமல் அந்த மனிசி விறாந்தைக் கட்டில் உட்கார்ந்துகொண்டு, “அது சரி, உங்கட வேதத்தில ஏன் சாப்பிடக் கூடாதெண்டு இருக்கு?” என்று கேட்பாள். பிறகென்ன, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தை எடுத்து விளக்க வேண்டியதுதான். அதில் சாப்பிடலாம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் இடமிருக்கிறது என்பது வேறு கதை.